அடைப்பு நீங்கிய பின்: நுரையீரல் குருதிக் குழாய்களில் நிகழும் மாற்றங்கள்

முன்னுரை

மனித உடலுள் ஓய்வு என்பதையே அறியாமல் உழைக்கும் உறுப்புகள் இதயமும் நுரையீரலும் ஆகும். இவற்றுள் இதயத்தைப் பற்றிப் படித்தவர் மட்டுமன்றிப் பாமரரும் ஓரளவு அறிந்துள்ளனர். மாரடைப்பு என்னும் சொல் சிற்றூர்களிலும் வழங்கி வருகின்றது. ஆயின் நுரையீரலின் குருதிக் குழாய்களிலும் அடைப்பு உண்டாகும் என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வடைப்பு நாள்பட்டுத் தங்கிவிடின் நுரையீரலுக்குள் குருதியின் அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, உயிருக்கே ஊறு நேரும் என்பதை அறிந்தோர் அவரினும் சிலர்.

இந்நோய்க்கு இன்று மருத்துவம் உண்டு. அடைத்த குழாயைத் திறக்கவும் வழி உண்டு. எனினும், 'அடைப்பு நீங்கிவிட்டது என்று மருத்துவர் கூறிய பின்னும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே, ஏன்?' என்று வினவும் நோயாளர் உளர். வேறு சிலரோ சில வாரங்களிலேயே பழைய நலம் பெற்று நடமாடுகின்றனர். நோய் ஒன்று, சிகிச்சையும் ஒன்று. பயன் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுவானேன்? இவ்வினாவுக்குரிய விடை, சிகிச்சைக்குப் பின் நுரையீரல் குருதிக் குழாய்கள் அடையும் மாற்றங்களில் அடங்கியுள்ளது. அம்மாற்றங்களை எளிய தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுரையீரல் வழிக் குருதியோட்டம்

உடலெங்கும் சுற்றி வந்த கரிய குருதி இதயத்தின் வலப்பக்கம் வந்து சேர்கிறது. வலக் கீழறை அதனை நுரையீரல் தமனி வழியே நுரையீரலுக்குள் செலுத்துகிறது. அத்தமனி கிளைத்துக் கிளைத்துச் சென்று, இறுதியில் மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகளாகி, காற்று நுண்ணறைகளைச் சூழ்ந்து கிடக்கிறது. இந்நுண்ணறைகள் 30 கோடிக்கும் மேற்பட்டவை. அங்கே குருதி தன் கரியமில வாயுவை விடுத்து, உயிர்வளியைப் பெற்றுச் செந்நிறம் எய்தி, நுரையீரல் சிரைகள் வழியே இதயத்தின் இடப்பக்கம் திரும்புகிறது. தமனி என்றால் நல்ல குருதி, சிரை என்றால் கெட்ட குருதி என்று மனப்பாடம் செய்துள்ள மாணவர் இங்கே மயங்குதல் கூடும். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது தமனி, இதயத்திற்குக் கொண்டுவருவது சிரை என்று கொண்டால் மயக்கம் நீங்கும்.

இவ்வோட்டத்தை உலகம் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர், இதயத்தின் இடைச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன என்றும், அவற்றின் வழியே குருதி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கசிகிறது என்றும் கருதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அக்கருத்தே கோலோச்சியது. அதனை முதன்முதலில் மறுத்தவர் இப்னு அந்நபீஸ் என்னும் அரபு மருத்துவ மேதை ஆவார். திமிஷ்கில் கல்வி கற்றுக் கெய்ரோவில் பணியாற்றி 1288இல் மறைந்த அவர், இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதினார். 1242ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற அவ்வுரையில், இதயத்தின் இடைச்சுவர் தடித்தது, அதில் துளை இல்லை என்றார். வலப்பக்கக் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, அதன் பின்னரே இடப்பக்கம் வருகிறது என்றார். நுரையீரலின் இருவகைக் குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து.

மூல நூலை விளக்குவது மட்டுமன்றி, பொருந்தாதவிடத்து மறுத்துரைப்பதும் உரையாசிரியர் கடமை என்பதைத் தமிழ் பயில்வோர் நன்கு அறிவர். இப்னு அந்நபீஸ் செய்ததும் அதுவே. எனினும் அவ்வுரை நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1924இல் முகியித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவர், பெர்லினில் இருந்த கையெழுத்துப் படியை ஆய்ந்து, ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டின் வாயிலாகவே இக்கால உலகம் அதனை அறிந்தது. இதற்கிடையில் 1628இல் வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை முழுமையாக நிறுவினார். 1661இல் இத்தாலியரான மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆய்ந்து தந்துகிகளைக் கண்டார். இப்னு அந்நபீஸ் கருத்தளவில் கண்ட நுண்வழிகள் அன்று கண்ணளவில் தெளிவாயின. நாம் பேச வந்த நோயின் வெற்றியும் தோல்வியும் அந்நுண்வழிகளைச் சார்ந்தே அமைகின்றன என்பது மேலே விளங்கும்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்துதல் நலம். நுரையீரல் குருதியோட்டம் மிகக் குறைந்த அழுத்தத்தில் நிகழ்வது. உடலின் பெருந்தமனியில் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவு. நுரையீரல் தமனியிலோ ஓய்வு நிலையில் ஏறத்தாழ 14 மட்டுமே. ஆகவே வலக் கீழறையின் சுவர் மெல்லியது. குறைந்த பளுவுக்கென்றே அமைந்த அறை அது.

உறைகட்டி தழும்பாகும் வகை

பெரும்பாலும் காலின் ஆழ்சிரைகளிலேயே குருதி உறைந்து கட்டியாகிறது. நெடுநாள் படுக்கையில் கிடத்தல், பெரிய அறுவை, எலும்பு முறிவு, புற்றுநோய், பிள்ளைப்பேறு, பிறவியிலேயே அமைந்த உறையும் இயல்பு முதலியன இதற்குக் காரணங்கள். அக்கட்டி பெயர்ந்து, குருதியோட்டத்தோடு இதயத்தின் வலப்பக்கம் கடந்து, நுரையீரல் தமனியில் சென்று சிக்கிக்கொள்ளும். காலில் தோன்றியதே நுரையீரலை அடைக்கிறது என்னும் இத்தொடர்பை 1840களில் தெளிவுபடுத்தியவர் ருடால்ஃப் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய மருத்துவர்.

இவ்வாறு சிக்கிய கட்டியைப் பெரும்பாலோரின் உடல் சில வாரங்களில் தானே கரைத்துவிடுகிறது. உறைவு தடுப்பு மருந்துகள் புதிய கட்டி தோன்றாமல் காத்து அப்பணிக்குத் துணை நிற்கின்றன. ஆயின் சிலரிடம் கட்டி முழுதும் கரைவதில்லை. எஞ்சிய பகுதி குழாயின் உட்சுவரோடு ஒட்டி, நார்த்தன்மை பெற்று, தழும்பாக இறுகிவிடுகிறது. அதன் பின் அதனைக் கட்டி என்பதினும் தழும்பு என்பதே பொருந்தும். எந்தக் கரைப்பான் மருந்தும் அதனைக் கரைக்க இயலாது. குழாயின் உள்ளே வலைகளும் பட்டைகளும் போலத் தழும்புகள் குறுக்கிட்டு நின்று வழியை மறிக்கின்றன.

இத்தாலியில் நுரையீரல் அடைப்புக்கு ஆளான 223 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஈராண்டு முடிவில் 3.8 விழுக்காட்டினர்க்கு இந்நாள்பட்ட நோய் தோன்றியது. நூற்றுக்கு நால்வர் என்பது சிறு எண்ணிக்கையாகத் தோன்றலாம். அந்நால்வருக்கு அது வாழ்வா சாவா என்னும் சிக்கலாகும்.

மூன்று மாதங்களுக்குக் குறையாமல் உறைவு தடுப்பு மருந்து உட்கொண்ட பின்னும் அடைப்புகள் எஞ்சியிருந்து, நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தமும் வரம்பு மீறி இருப்பின் இந்நோய் உறுதியாகிறது. அவ்வரம்பு முன்னர் 25 மில்லிமீட்டராக இருந்தது. 2018இல் நீஸ் நகரில் கூடிய உலகக் கருத்தரங்கு அதனை 20க்கு மேல் எனக் குறைத்தது. ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் 2022இல் அதனை ஏற்றன.

குழாய்கள் அடையும் மாற்றங்கள்

பெரிய தமனியில் தழும்பு. அது வழியை மறிக்கிறது. நோய் இவ்வளவே எனின், தழும்பை நீக்கியதும் நோயும் நீங்கிவிடும். ஆனால் உண்மை வேறு. அடைப்பு ஓரிடத்தில் நிற்க, அதன் விளைவு நுரையீரல் முழுதும் பரவுகிறது.

முதலாவது, அடைபடாத பகுதிகளில் நிகழும் மாற்றம். ஊரில் நான்கு தெருக்களுள் இரண்டை மறித்துவிட்டால் போக்குவரத்து முழுவதும் எஞ்சிய இரண்டு தெருக்களில் நெருக்கும். அதுபோல அடைபடாத தமனிகளின் வழியே மிகுதியான குருதி, மிகுதியான அழுத்தத்தோடு பாய்கிறது. அதைத் தாங்கும் பொருட்டு அங்குள்ள சிறு தமனிகளின் சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது. அடைப்பு இல்லாத இடமும் இவ்வாறு நோய்ப்படுகிறது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கென்னத் மோசரும் காலின் புளூரும் நுரையீரல் திசுக்களை நுண்ணோக்கியில் ஆய்ந்து, அடைபட்ட பகுதி, அடைபடாத பகுதி ஆகிய இரண்டிலும் சிறு குழாய் நோய் உண்டு என்பதை 1993இல் வெளியிட்டனர்.

இரண்டாவது, அடைப்பிற்கு அப்பாலுள்ள பகுதியில் நிகழ்வது. நுரையீரலுக்கு இன்னொரு குருதி வழியும் உண்டு. பெருந்தமனியிலிருந்து பிரியும் மூச்சுக்குழல் தமனிகள் அவை. இயல்பான நிலையில் இவை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய மெல்லிய குழாய்கள். நுரையீரல் தமனி அடைபட்டதும் இவை பருத்து வளைந்து, அடைப்பிற்கு அப்பாலுள்ள பகுதிக்குக் குருதி ஊட்ட முற்படுகின்றன. இது திசுவை அழியாமல் காக்கும் உதவியே. எனினும் இக்குருதி உடற்பெருந்தமனியின் உயர் அழுத்தத்தோடு வருவது. அவ்வழுத்தம் மெல்லிய நுண்குழாய்களையும் தாக்குகிறது. தந்துகிகளும் சிறு சிரைகளுங்கூட இந்நோயில் மாறுபடுகின்றன என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2014இல் எடுத்துக்காட்டினர்.

மூன்றாவது, குழாய்மரத்தின் ஒட்டுமொத்த வடிவம் மாறுவது. கணினியின் துணையால் சி.டி. ஸ்கேன் படங்களை ஆய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அடிமரம் போன்ற பெருங்குழாய்கள் வீங்கியும், நுனிக்கிளைகள் கழித்துவிடப்பட்ட மரம் போலக் குறைந்தும், இடைக்குழாய்கள் கோணலாக வளைந்தும் காணப்பட்டன. இவற்றோடு வலக் கீழறையும் விரிந்து தடித்து, இடைச்சுவரை இடப்பக்கம் தள்ளி, இடக் கீழறையின் இயக்கத்தையும் தடை செய்கிறது.

சிகிச்சை முறைகள் மூன்று

இன்று இந்நோய்க்கு மூவகைச் சிகிச்சைகள் உள்ளன. தலையாயது அறுவை. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மோசரும் அறுவை வல்லுநர் நீனா பிரான்வால்டும் 1970இல் இதனைத் தொடங்கினர். நோயாளரின் உடலை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, குருதியோட்டத்தையே சிறிது நேரம் நிறுத்தி, தமனியின் உட்படலத்தோடு சேர்த்துத் தழும்பை உரித்தெடுப்பர். ஒரு தடவைக்கு 20 நிமிடங்களுக்கு மேல் ஓட்டத்தை நிறுத்துவதில்லை. உரித்தெடுக்கப்பெற்ற தழும்பு கிளைகளோடு கூடிய சிறு மரம் போலவே காட்சி தரும். 2,700க்கும் மேற்பட்டோர்க்கு இவ்வறுவையைச் செய்த சான் டியாகோ மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், இறுதி 500 பேருள் இறந்தோர் 2.2 விழுக்காடு என்று குறிப்பிட்டனர்.

இரண்டாவது பலூன் சிகிச்சை. தொடைச் சிரை போன்றவற்றின் வழியே நுண்குழாயைச் செலுத்தி, குறுகிய தமனிக் கிளையில் பலூனை விரித்து வழியை அகலப்படுத்துவது இது. அறுவைக் கத்தி எட்டாத சிறு கிளைகளில் தழும்பு உள்ளோர்க்கு இது பயன்படும். 2001இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 18 பேரிடம் இதனைச் செய்து பார்த்தபோது, 11 பேருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. பின்னர் ஜப்பானிய மருத்துவர்கள் சிறு பலூன்களைக் கொண்டு, ஒரே நாளில் அனைத்தையும் திறவாமல் பல தவணைகளாகத் திறக்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். ஒக்காயாமா மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 68 பேரின் சராசரி நுரையீரல் தமனி அழுத்தம் 45இலிருந்து 24 மில்லிமீட்டராகக் குறைந்தது.

மூன்றாவது மருந்து. ரியோசிகுவாட் என்னும் மருந்து சிறு குழாய்களைத் தளர்த்தி விரிவடையச் செய்கிறது. 261 நோயாளரிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், 16 வாரங்களுக்குப் பின், இம்மருந்தை உட்கொண்டோர் ஆறு நிமிடங்களில் நடக்கும் தொலைவு சராசரியாக 39 மீட்டர் கூடியது. மருந்தற்ற மாத்திரையை உட்கொண்டோர்க்கு 6 மீட்டர் குறைந்தது. அறுவைக்கு இயலாதோரிடம் பலூன் முறையையும் இம்மருந்தையும் ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், 26 வாரங்களில் நுரையீரல் குழாய்களின் தடையளவு பலூன் முறையால் ஏறத்தாழ 60 விழுக்காடும், மருந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைந்தது. பெருந்தழும்பு, சிறுகிளைத் தழும்பு, நுண்குழாய் நோய் ஆகிய மூன்று நிலைகளுக்கு இம்மூன்றும் முறையே பொருந்துவன எனலாம். ஒருவருக்கே இரண்டும் மூன்றும் தேவைப்படுதலும் உண்டு.

மீண்டு வருபவை

இனி, வழி திறந்த பின் நிகழ்வன எவை எனக் காண்போம். முதலில் மீள்வது அழுத்தம். வெற்றியோடு முடிந்த அறுவையில் அழுத்தம் உடனடியாகவே இறங்கிவிடுகிறது. மேற்சொன்ன சான் டியாகோ அறிக்கையின் இறுதி 500 பேரிடம் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 45இலிருந்து 26 ஆயிற்று.

அடுத்து இதயம். பளு குறைந்ததும் விரிந்திருந்த வலக் கீழறை சுருங்குகிறது; தள்ளப்பட்டிருந்த இடைச்சுவர் தன் நிலைக்குத் திரும்புகிறது. வலப்பக்க வால்வில் இருந்த பின்னொழுக்கும், அவ்வால்வைத் தனியே சீர்செய்யாமலே பெரும்பாலோர்க்குக் குறைந்துவிடுகிறது. தளர்ந்த இதயம் மீண்டும் வலுப்பெறும் என்பது இந்நோயாளர்க்கு நாம் கூறத்தக்க நற்செய்தி.

மூன்றாவது குழாய்கள். வீங்கியிருந்த நுரையீரல் தமனி சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. துணைக்கு வந்து பருத்திருந்த மூச்சுக்குழல் தமனிகள், பழைய வழியில் குருதி பாயத் தொடங்கியதும் மெலிகின்றன. நுனிக்கிளைகளில் குருதி மீண்டும் நிறைகிறது. கழித்த மரம் தளிர்ப்பது போன்ற காட்சி இது. பன்றிக்குட்டிகளின் இட நுரையீரல் தமனியைக் கட்டிவைத்துச் சில வாரங்களுக்குப் பின் மீண்டும் இணைத்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. குருதியோட்டம் திரும்பிய பின், தடித்த குழாய்ச் சுவர்கள் படிப்படியாக இயல்பை நோக்கித் திரும்பியதை அது காட்டிற்று. நோய்ப்பட்ட குழாய் உயிருள்ள திசு. பளு நீங்கினால் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயின் அதற்குக் காலம் வேண்டும்.

இடைக்காலத்தில் தோன்றுபவை

இக்காலத்திற்குள் இரண்டு நிகழ்வுகள் நோயாளரையும் உறவினரையும் அஞ்சச் செய்வதுண்டு. ஒன்று, முன்னர்ச் சொன்ன நீர்க்கோவை. நெடுநாள் வறண்டு கிடந்த வாய்க்காலில் திடீரென வெள்ளம் பாய்ந்தால் கரை உடைவது போல, நெடுநாள் குருதி காணாத நுண்குழாய்களில் ஓட்டம் திரும்பும்போது அவற்றின் சுவர் வழியே நீர் கசிந்து காற்றறைகளை நிரப்புகிறது. அறுவைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாட்களில் இது தோன்றும். பலூன் முறையில் தவணை தவணையாகத் திறப்பது இதனைத் தவிர்க்கும் பொருட்டே.

மற்றொன்று, மருத்துவர்கள் 'குருதிக் களவு' என்று வழங்குவது. களவு என்றவுடன் தமிழ் மாணவர்க்கு அகப்பொருள் நினைவு வருதல் இயல்பு. இது வேறு களவு. புதிதாகத் திறந்த பகுதியில் தடை குறைவு. முன்பு திறந்திருந்த பகுதியிலோ சுவர் தடித்த சிறு குழாய்கள். அங்கே தடை மிகுதி. நீர் பள்ளத்தை நாடுவது போலக் குருதி புதுவழியையே நாடுகிறது. அதனால் முன்பு நன்றாக இருந்த பகுதி அறுவைக்குப் பின் எடுக்கும் ஸ்கேனில் குருதியற்றது போலத் தோன்றும். புதிய அடைப்போ என்று ஐயுறல் நேரும். அது புதிய அடைப்பன்று, குருதி இடம் மாறியதே என்பதைச் சான் டியாகோ மருத்துவர்கள் 1990இல் விளக்கினர். காலம் செல்லச் செல்லப் பெரும்பாலோரிடம் இந்நிலை மாறிக் குருதி மீண்டும் சீராகப் பங்கிடப்படுகிறது. சிறு குழாய்கள் மெல்ல மெல்லத் திருந்தி வருகின்றன என்பதற்கு இதுவே ஓர் அறிகுறியாகும்.

மீளாதவை

எல்லாம் மீண்டுவிடுமோ எனின், இல்லை. பிரிட்டனில் இவ்வறுவை செய்துகொண்ட 880 பேரை ஆய்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் அளந்தபோது 51 விழுக்காட்டினர்க்குச் சராசரி அழுத்தம் 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தது. எனினும் அவருள் பலர் முன்னினும் நலமாகவே இருந்தனர். பத்தாண்டு கடந்து உயிர்வாழ்ந்தோர் 72 விழுக்காடு. அழுத்தம் 38 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், குழாய்த் தடையும் மிகுந்தும் இருந்தோரிடமே நோயின் தீமை பெரிதாகக் காணப்பட்டது. ஆகவே அழுத்தம் முற்றிலும் இயல்பாகாமையைத் தோல்வி எனக் கொள்ளுதல் தவறு. அதனைக் கவனியாது விடுதலும் தவறு.

எஞ்சும் அழுத்தத்திற்குக் காரணம் இரண்டு. அறுவை எட்டாத சிறு கிளைகளில் தழும்பு எஞ்சியிருத்தல் ஒன்று. நுண்குழாய் நோய் திருந்த இயலாத அளவுக்கு முற்றியிருத்தல் மற்றொன்று. முன்னதற்குப் பலூனும் பின்னதற்கு மருந்தும் இன்று கைகொடுக்கின்றன. ஓய்வில் அழுத்தம் இயல்பாக இருப்பினும், தமனிச் சுவரின் விறைப்பு முழுதும் நீங்காமையால் உழைக்கும்போது மட்டும் அழுத்தம் ஏறி மூச்சு வாங்குவோரும் உளர். கட்டுரையின் முகப்பில் எழுந்த வினாவுக்கு விடை இதுவே. பெருங்குழாயின் அடைப்பு நீங்கிற்று; ஆனால் அவ்வடைப்பு இருந்த காலத்தில் நுண்குழாய்கள் பட்ட வடு நீங்கவில்லை. வடு எவ்வளவு என்பது பெரிதும் நோய் எவ்வளவு காலம் நீடித்தது, எவ்வளவு பரவியது என்பவற்றைப் பொறுத்தது.

நாம் அறிந்துகொள்ள வேண்டியவை

இங்கேதான் காலத்தின் அருமை புலனாகிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலுமாக 27 மருத்துவ மையங்கள் 679 நோயாளர் விவரங்களைத் திரட்டி 2011இல் வெளியிட்டன. நோய்க்குறி தோன்றியதிலிருந்து நோய் இன்னதென உறுதியாகும் வரை கழிந்த காலத்தின் இடைநிலை அளவு 14 மாதங்கள். மருத்துவ வசதி மிக்க நாடுகளிலேயே இந்நிலை எனின், பிற இடங்களைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. அந்நோயாளருள் நால்வரில் ஒருவர், தமக்கு நுரையீரல் அடைப்பு நேர்ந்ததையே அறியாதவர். அவருக்கு மூச்சிரைப்பு ஒன்றே முதல் அறிகுறி. அதனை முதுமை, உடற்பருமன், ஆஸ்துமா, சோகை என்று கருதி நாட்களைக் கழித்துவிடுதல் எளிது.

ஆகவே பின்வருவனவற்றை நம் இல்லத்தார்க்கும் அண்டை அயலார்க்கும் எடுத்துரைப்பது கற்றோர் கடமை எனக் கருதுகிறோம். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் தோன்றின் புறக்கணித்தலாகாது. நுரையீரல் அடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்க்கு மூன்று மாதங்கள் கழிந்த பின்னும் மூச்சிரைப்பு தொடருமாயின், அது பலவீனம் என்று தேற்றிக்கொள்ளாமல் மருத்துவரிடம் சென்று இந்நோய் உண்டா என வினவுதல் வேண்டும். முதலில் எக்கோ ஆய்வும், பின் நுரையீரலின் காற்றோட்டத்தையும் குருதியோட்டத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் கதிரியக்க ஸ்கேனும் செய்வர். இந்நோயைக் கண்டுபிடிப்பதில் அந்த ஸ்கேனின் திறன் 96 விழுக்காட்டுக்கு மேல் என்று 2007இல் வெளிவந்த லண்டன் ஆய்வு கூறிற்று. சி.டி. ஸ்கேனின் திறன் இன்று பெரிதும் உயர்ந்துள்ளது. எனினும் இந்த ஸ்கேன் இயல்பாக இருந்தால் இந்நோய் இல்லையென்றே கொள்ளலாம் என்பதால் அதன் சிறப்பு குறையவில்லை.

சிகிச்சை பெற்றோர்க்கும் ஒரு சொல். அறுவை முடிந்து உடல் தேறியதும், 'இனி மாத்திரை எதற்கு?' என்று உறைவு தடுப்பு மருந்தைத் தாமாகவே நிறுத்துவோர் உளர். இந்நோய் கண்டவர்க்கு அம்மருந்து வாழ்நாள் முழுதும் தேவை. மருந்து நின்றால் புதிய கட்டி தோன்றி, பட்ட பாடெல்லாம் வீணாதல் கூடும். வார்ஃபரின் உட்கொள்வோர் குறித்த நாட்களில் குருதி உறையும் அளவைச் சோதித்துக்கொள்ளுதலும், வேறு மருந்து எதனையும் மருத்துவரைக் கேளாமல் சேர்த்துக்கொள்ளாமையும் இன்றியமையாதவை. அவ்வாறே, சிகிச்சைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களில் செய்யும் மறு ஆய்வைத் தட்டிக்கழித்தலும் கூடாது. எஞ்சியது என்ன, அதற்குப் பலூனா மருந்தா என்று முடிவு செய்வது அப்போதுதான்.

முடிவுரை

ஒரு குழாயைத் திறப்பது ஒரு நாள் வேலை. அதனைச் சார்ந்த ஆயிரமாயிரம் நுண்குழாய்கள் திருந்துவது பல மாத வேலை. அழுத்தமும் இதயமும் விரைவில் மீள்கின்றன. பெருங்குழாய்களும் துணைக்குழாய்களும் படிப்படியாக மீள்கின்றன. நுண்குழாய்கள் காலம் தாழாதிருந்தால் மீள்கின்றன, தாழ்ந்திருந்தால் வடுவோடு நிற்கின்றன. சிகிச்சையின் பயன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதன் காரணம் பெரிதும் இதுவே என்க.

அறுவை வல்லுநரின் கைத்திறன் நம் வசத்தில் இல்லை; மருந்தின் ஆற்றலும் நம் வசத்தில் இல்லை. மூச்சிரைப்பைப் பொருட்படுத்தி, உரிய வினாவை உரிய காலத்தில் கேட்பது நம் வசத்தில் உள்ளது. உறுதிப்படுத்தக் கழிந்த அந்தப் பதினான்கு மாதங்களுள் ஒரு மாதம் குறைந்தாலும், அது ஒருவரின் நுண்குழாய்களுக்குக் கிடைத்த வாழ்வாகும். இதனை அறிந்தோர் அறியாதார்க்கு உரைப்பின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.